விரல் படாத சரக்கு

மறையூர்,
9-12-1957

அண்ணனுக்குப் பூவாத்தாள் எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். நாலு வரி படித்துவிட்டுக் கிழியுங்கள். உங்கள் வீட்டுக்காரி, என் நங்கையாள் மாராத்தாள் இறந்துபோன பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் அனுப்பிய வெல்ல மூட்டை, போட்ட தையல் பிரியாமல் அதே லாரியில் திரும்பி வந்தது. இருபது வருஷமாக வியாபாரம் செய்கிறேன். சரக்கு சரியில்லை என்று திரும்பி வந்ததுண்டு. பிரித்துப் பார்க்காமலே திரும்பியது அந்த ஒரு மூட்டைதான். உங்கள் மனசு அதில் தெரிந்தது. இருபது மாசம் ஆகிறது. நானும் எழுதவில்லை.

இப்போது சொந்தம் கொண்டாட எழுதவில்லை. எனக்கு உங்கள் கையெழுத்து ஒன்று வேண்டும்.

இடது மார்பில் ஒரு கட்டி. ஆடி மாசம் குளிக்கும்போது கையில் பட்டது. சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. வலித்திருந்தால் அப்போதே ஓடியிருப்பேன். கரும்பு வெட்டு ஆரம்பித்தது, ஆலை ஆலையாக ஏறி இறங்கினேன், தள்ளிப் போட்டேன். ஐப்பசியில் நெல்லிக்காய் அளவு ஆயிற்று. மூணாறில் ஒரு டிஸ்பென்சரியில் காட்டினேன். அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு களிம்பு கொடுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சரக்குப் பார்க்கிறவனிடம் என்ன பேசுவது? களிம்பை மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டேன்.

போன வாரம் பாலக்காட்டுக்குப் போனேன். நங்கையாளைச் சேர்த்தோமே, அதே ஆஸ்பத்திரிக்கு. உங்களுக்குச் சொல்லவில்லை. கொழிஞ்சாம்பாறையில் பஸ் கால் மணி நேரம் நின்றது. இறங்கினால் உங்கள் ஊர் எட்டிப் பிடிக்கிற தூரம். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லேடி டாக்டர் புதுசு. மலையாளத்துக்காரி. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார், இடுப்பில் ஊன்றச் சொன்னார், தள்ளி நின்று பார்த்தார். கை தூக்கும்போது கட்டிக்கு மேலே தோல் ஓரிடத்தில் உள்ளே இழுக்கிறது. அதை நான் கவனித்ததே இல்லை. பிறகு படுக்க வைத்து, மூன்று விரலைத் தட்டையாக வைத்து வட்டம் வட்டமாகத் தடவினார். அக்குளிலும் பார்த்தார். நான் பொறுக்க முடியாமல், "இங்கீங்க அம்மா" என்று கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். "பெருவிரல் வேண்டா. அது வெச்சு அமுக்கினா எல்லாம் கட்டியாயிட்டே தோணும்" என்றார்.

என் கட்டைவிரலை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள். ஒரு உருண்டையை அழுத்தினால் பாகு எத்தனை நேரம் கொதித்தது, ஆலைக்காரன் சுண்ணாம்பு எவ்வளவு போட்டான் என்று சொல்லுகிற விரல். அதெல்லாம் இங்கே செல்லாதாம். டாக்டர் விரலுக்கும்கூட ஒரு அளவுதானாம். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று பூதக்கண்ணாடி பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு ஒரு துண்டு வெட்டி, மருந்துத் தண்ணீர் உள்ள குப்பியில் போட்டு மதராஸுக்கு அனுப்பியிருக்கிறார். நெல் மூட்டையில் குத்தூசி போட்டு நாலு மணி எடுத்துப் பார்க்கிற மாதிரி. அது எனக்குப் புரிந்தது. சாக்கைப் பார்த்து மதிப்புச் சொல்கிறவனை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

பதில் வர மூன்று வாரம் ஆகும். கெட்டதாக இருந்தால் மார்பை முழுசாக எடுக்க வேண்டும். அதற்கு ஆம்பிளைச் சொந்தம் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். என் புருஷன் போய்ப் பதினேழு வருஷம். அவர் வழியில் யாரும் இல்லை. நீங்கள் ஒருத்தர்தான்.

அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. தெரிந்துதான் கேட்கிறேன்.

பூவாத்தாள்

*

வடகரப்பதி,
20-12-57

பூவாத்தாளுக்கு.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு தடவை போட்டேன். அதே ஆஸ்பத்திரியில், அதே மேஜையில், வயலட் மசியில். பேனா கசிந்து பெருவிரலில் பட்ட அந்த மசி போக ஐந்து நாள் ஆயிற்று. மசி போகும்போது அவளுக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. மாராத்தாளின் கட்டியையும் அவர்கள் குப்பியில் போட்டு மதராஸுக்கு அனுப்பினார்கள். பதில் காரியமெல்லாம் முடிந்த பிறகு தபாலில் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. சித்தூருக்குக் கொண்டுபோய் ஒரு வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கெட்ட கட்டியே இல்லையாம். வெறும் கட்டியாம். அப்படியே விட்டிருந்தாலும் சாகிற வரைக்கும் ஒன்றும் செய்திருக்காதாம். வாத்தியார் சந்தோஷமான சேதி என்று நினைத்துக்கொண்டு, "பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க, வீட்டுல சொல்லுங்க" என்றார்.

என் வாசலில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "கட்டிய வெச்சுக்கிட்டு ஊட்டுல உக்கோந்திருந்தா ஆகுமா? வெட்டி எறிஞ்சுபோட்டு வா நங்கையா, நாலாம் நாள் களை வெட்டலாம்." சரக்கை லாரியில் ஏற்றிவிடுகிற மாதிரி அவளைப் பஸ்ஸில் ஏற்றினாய். கட்டியில் சாகவில்லை அவள். வெட்டின காயத்தில் செத்தாள்.

கொல்லங்கோட்டுப் பக்கம் பச்சிலை அரைத்துப் போடுகிறவர் இருக்கிறார். விலாசம் வேண்டுமென்றால் எழுது.

நஞ்சப்பன்

*

மறையூர்,
6-1-1958

அண்ணா,

இரண்டு வாரம் உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வெறும் கட்டி என்று எனக்குத் தெரியாது. நீங்கள் அந்தச் சேதியை இத்தனை நாள் தனியாக வைத்திருந்தீர்கள் என்பதும் தெரியாது. மூட்டையைத் திருப்பி அனுப்பியது குறைவுதான்.

என்னுடைய பதில் வந்துவிட்டது. நேரில் போய்க் கேட்டேன். கெட்ட கட்டி.

டாக்டர் சொல்லும்போது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் நல்ல மகசூல், மறையூரில் பத்து ஆலை என் சரக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் மனசு ஓடியது. அப்படியொரு மனசு எனக்கு. "எத்தனை நாளுக்குள்ளீங்க?" என்று கேட்டேன். "இந்த மாசம் தாண்டக் கூடாது" என்றார். இருபத்தேழாம் தேதி குறித்திருக்கிறார்.

நங்கையாளைப் பற்றியும் கேட்டேன். பழைய நோட்டைத் தேடிப் பார்த்துவிட்டு, "கையால நோக்கி அறியான் பற்றில்ல. எடுத்து நோக்கினது தெற்றல்ல" என்றார். கையால் பார்த்து அறிய முடியாதாம், எடுத்துப் பார்த்தது தப்பில்லையாம். காயம் சீழ் பிடித்ததுதான் தப்பு. அந்தத் தப்பு யாருடையது என்று அந்த நோட்டில் இல்லை.

அதனால் வார்டில் போய் நின்றேன். ஓர் ஆலைக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது வெல்லத்தை அல்ல, கொப்பரையை. நேற்றைய பாகு விளிம்பில் ஒட்டியிருந்தால் இன்றைய பாகும் புளிக்கும். அன்றைக்கு நங்கையாள் படுத்திருந்தபோது, ஒரே தட்டை வைத்துக்கொண்டு ஒரு ஆள் கட்டுக் கட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? கால் புண் அழுகின கிழவிக்குக் கட்டிவிட்டு, பஞ்சு பிடிக்கிற அதே கொறட்டோடு நங்கையாளிடம் வந்தான். கண்ணால் பார்த்தேன். கொப்பரையில் தெரிகிற எனக்குக் கொறட்டில் தெரியவில்லை.

இப்போது அந்த ஆள் இல்லை. ஞானஜோதி என்று ஒரு சிஸ்டர் வந்திருக்கிறார். தேவிகுளம் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர்களின் மகள். சுத்தக் காயத்துக்கு முதலில் கட்டு, சீழ்க் காயத்துக்குக் கடைசியில். ஒவ்வொரு ஆளுக்கும் வேகவைத்த கொறடு. நான் அவரிடம் நேராகவே சொன்னேன்.

"சிஸ்டர், என்ற நங்கையா இந்த வார்டுலதானுங்க போயிட்டாங்க. கட்டியில இல்லீங்க, காயத்துல."

"அப்ப நான் இங்க இல்லம்மா. இருந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்னும் சொல்ல மாட்டேன்." கையை நீட்டிக் காட்டினார். சோப்பில் ஊறித் தோல் உரிந்து கிடந்தது. "இம்புட்டுக் கழுவியும் மாசத்துக்கு ரெண்டு காயம் சீழ் வைக்கத்தான் செய்யுது. எங்க கையாலயும் வருது, பாக்க வர்றவுக கையாலயும் வருது. பென்சிலின் இருக்குன்னு எல்லாத்துக்கும் ஒரு தைரியம். இப்ப அதுக்கும் அடங்காத சீழு இருக்கு."

"எந்தக் கைன்னு கண்டுபுடிக்க முடியாதுங்களா?"

"கையில பேரா எழுதியிருக்கு?" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துக் கேட்டார்: "உங்க ஆளுக யாரும் கட்டத் தொறந்து பாத்தாகளா?"

நான் பதில் சொல்லாமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நங்கையாளுக்கு ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் நான் மறையூரிலிருந்து வந்தேன். லாரியில் உடுமலை, அங்கிருந்து இரண்டு பஸ். ஆலையில் இருந்து கிளம்பின கை, கழுவவில்லை. நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். நங்கையாளிடம் கேட்காமல் கட்டின் ஓரத்தைத் தூக்கினேன். தையலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் இரண்டு இடத்தில் அழுத்தினேன். "கெட்டியா இருக்குது நங்கையா, பதமாத்தான் ஆறுது" என்றேன். அவள் சிரித்தாள். "என்னைய வெல்ல உருண்டைன்னு நெனச்சுட்டயா?" என்றாள்.

எந்த ராத்திரி படுத்தாலும் அந்தச் சிரிப்பு வருகிறது. அந்தக் கால் புண் கொறடா, என் விரலா என்று எனக்குத் தெரியாது. என் விரலும் இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

இனி கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போடாவிட்டால் லாரி டிரைவர் காளிச்சாமியை என் தம்பி என்று சொல்லிக் கூட்டிப் போவேன். அவன் சரி என்றுவிட்டான். சட்டை மட்டும் நல்லதாக ஒன்று வாங்கித் தரச் சொல்கிறான்.

பூவாத்தாள்

*

வடகரப்பதி,
17-1-58

பூவாத்தாளுக்கு.

மாட்டுப் பொங்கல் அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. மாட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் படித்தேன். பிறகு சாப்பிடவில்லை. மகள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள்.

நீ ஒரு தடவை தூக்கினாய். கட்டை அவிழ்த்தவன் நான்.

எத்தனை தடவை என்று இந்த மூன்று நாளும் எண்ணிப் பார்க்கிறேன். பதினொன்று வரைக்கும் ஆள் ஞாபகம் வருகிறது. நம் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. சீக்கில் கிடக்கிறவளைப் பார்க்க வந்தால், என்ன ஏது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வந்தவர்களை மதிக்கவில்லை என்று அர்த்தம். கருப்புசாமிப் பெரியப்பா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "பன்னண்டு மைல் வண்டி கட்டீட்டு வந்திருக்கறம். மூடி வெச்சுட்டு நல்லாருக்குதுன்னு சொன்னா நாங்க என்னத்தைக் கண்டம்?" நான் அவிழ்த்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சின்ன வெட்டுத்தான்" என்று சொன்னார். அவருக்குத் திருப்தி. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் நானே அவிழ்த்து நானே கட்டினேன். நர்ஸைவிட நன்றாகக் கட்டுகிறாய் என்று ஒருத்தி சொன்னாள். அதில் ஒரு பெருமை வேறு.

மாமியார் மஞ்சள் கொண்டுவந்தாள். மாரியம்மன் கோயில் துண்ணூறைக் காயத்தின் மேலேயே வைத்துக் கட்டினவனும் நான்தான்.

இதுவரை எழுதியதை யாரிடமும் சொல்லியிருப்பேன். இனி எழுதுவது அப்படியல்ல. நாலாம் நாள் மத்தியானம் அவளுடைய சின்னம்மா வந்தாள். மாராத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாமுங்க, எரியுதுங்க" என்றாள். "வந்துட்டாங்கல்ல, ஒருக்கா" என்றேன். கையை எடுத்துவிட்டாள். அவள் எதற்கும் இரண்டாம் தடவை வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்த ஒருக்காவை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் உன் தலையில் வைத்தேன். நீ மலையில் இருந்தாய், வசதியாக இருந்தது. உன் விரல் விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். நான் அப்படிப்பட்டவனாக இருந்தேன்.

காளிச்சாமிக்குச் சட்டை வாங்க வேண்டாம். இருபத்தைந்தாம் தேதி பஸ்ஸில் வா. கொழிஞ்சாம்பாறையில் ஏறிக்கொள்கிறேன்.

நஞ்சப்பன்

*

வார்டிலிருந்து,
27-1-58, காலை

அண்ணா,

ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்பது சிஸ்டர் போட்ட புதுச் சட்டம். நல்லதுதான். நீங்கள் வந்தால் நான் அழுதாலும் அழுவேன். இந்தச் சீட்டை அவரே கொண்டுவந்து தருவார்.

நேற்று மேஜையில் நீங்கள் பெயரெழுதும்போது பேனாவை இரண்டு தடவை வைத்துவிட்டு எடுத்தீர்கள். பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரே ஒரு வேலை. நாளைக்கும் மறுநாளும் நம் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சேதி போயிருக்கும். சிஸ்டருக்கு நம் பாஷையில் சண்டை போடத் தெரியாது. சின்னப் பிள்ளை, கத்தினால் ஒதுங்கிவிடும். உங்களுக்கு இல்லை என்று சொல்ல வராது. எனக்குத் தெரியும். இந்தத் தடவை சொல்லுங்கள்.

என் கட்டைவிரலைச் சிஸ்டரிடம் ஒப்படைத்திருக்கிறேன். "கட்டைத் தொட்டேன்னா கையைக் கட்டிலோட சேர்த்துக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டேன்.

பூவாத்தாள்

*

வெளியே, வேப்பமரத்தடி,
30-1-58

பூவாத்தாளுக்கு.

சிஸ்டர் வந்து நீ எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டதாகச் சொன்னாள். காப்பிக்கு வெல்லம் போட்டார்களா சீனி போட்டார்களா என்று கேட்டாயாம். அப்போதுதான் மரத்தடியில் உட்கார்ந்தேன். மூன்று நாளாக நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

பெரியப்பா வந்தார். வண்டியில் ஏழு பேர்.

"எங்கடா அம்மிணி?"

"உள்ள இருக்கறாளுங்க."

"வழிய உடு, பாத்துப்போட்டு வர்றம்."

"பாக்க முடியாதுங்க பெரியப்பா."

"ஏன், சீமை ராசாத்தியாட்ட மூடி வெச்சிருக்கறாங்களா?"

"ஆம்பளைக உள்ள போகக்கூடாதுங்க."

"பொம்பளைக நாலு பேரு வந்திருக்கறாங்களே, அவிக கண்ணுக்குத் தெரியலயா உனக்கு?"

"அவங்களுந்தானுங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி வாங்க நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா தடியைத் தரையில் ஊன்றினார். "மாராத்தாளுக்கு நீயே அவுத்துக் காட்டுனயேடா. இப்ப மட்டும் என்ன வந்துது?"

"அதனாலதானுங்க பெரியப்பா" என்றேன்.

அவருக்கு அது புரிந்தது. முகம் மாறியது. ஆனால் ஏழு பேருக்கு முன்னால் இறங்கி வர முடியாதே. என் மகள் கல்யாணத்துக்கு இந்த வண்டி வராது என்று சொல்லிவிட்டு ஏறினார். நான் வாசலை விட்டு நகரவில்லை. பெரியம்மா மட்டும் திரும்ப இறங்கி வந்து, "துண்ணூறாச்சும் தலமாட்டுல வெய்யி, சாமி கோவிச்சுக்கும்" என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். வாங்கி என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உள்ளே அனுப்பவில்லை.

சாயங்காலம் இன்னொரு வண்டி வந்தது. அதையும் திருப்பிவிட்டேன். இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நஞ்சப்பன்

*

வார்டிலிருந்து,
1-2-58

அண்ணா,

இன்றைக்கு ஆறாம் நாள். நேற்று எழுதப் பயமாக இருந்தது. நங்கையாளுக்கு ஐந்தாம் நாள்தான் குளிர் வந்தது.

எனக்கும் நேற்றுக் காலை உடம்பு சுட்டது. டாக்டர் வந்து முகமூடி கட்டிக்கொண்டு காயத்தைப் பார்த்தார். நான் அவர் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளியின் கண்ணைப் பார்ப்பது வியாபாரத்தில் வந்த பழக்கம். அவர் கண்ணில் ஒன்றும் இல்லை. களைப்பு மட்டும். "ஒண்ணுமில்ல" என்றார். ஊசி போட்ட இடம் வீங்கியிருந்ததாம். மத்தியானத்துக்குள் சூடு இறங்கிவிட்டது.

எதிர்க் கட்டில்காரிக்குச் சீழ் வைத்துவிட்டது. வயிற்றில் ஆபரேஷன். அவளுடைய ஆட்கள் யாரும் தொடவில்லை, எல்லாம் முறையாகத்தான் செய்தார்கள். இருந்தும் வந்துவிட்டது. கட்டிலோடு தள்ளிக் கோடியறைக்குக் கொண்டுபோனார்கள். சிஸ்டர் ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டே நின்றாள். "போதும் கண்ணு" என்றேன். "எதை விட்டேன்னு தெரியலயே அக்கா" என்றாள்.

அதைக் கேட்டபோது எனக்கு நாம் இரண்டு பேரும் ஞாபகம் வந்தோம்.

நீங்கள் சாப்பிட்டீர்களா? மரத்தடியில் பனி விழும். துண்டைத் தலையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

பூவாத்தாள்

*

வெளியே,
2-2-58

சாப்பிட்டேன்.

இன்றைக்கு யாரும் வரவில்லை. சேதி பரவிவிட்டது போலிருக்கிறது, நஞ்சப்பன் காவல்நாய் ஆகிவிட்டான் என்று.

சிஸ்டர் சொன்னதாக நீ எழுதியதைப் பலமுறை படித்தேன்.

நஞ்சப்பன்

*

வார்டிலிருந்து,
8-2-58

அண்ணா,

தையல் பிரித்தாயிற்று. பன்னிரண்டு நாள்.

காயம் காய்ந்திருக்கிறது. நெஞ்சு நடுவிலிருந்து அக்குள் வரைக்கும் ஒரு கோடு. சிஸ்டர் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. களம் மாதிரி இருக்கிறது. இருபது வருஷம் நானே சுமை தூக்கினேன், நானே பேரம் பேசினேன், இந்த உடம்பைப் பற்றி யோசித்ததே இல்லை. நேற்று யோசித்தேன். கொஞ்ச நேரம்தான். அதை உங்களுக்கு எழுத முடியாது.

தொடச் சொன்னாள். "இப்பத் தொடலாம் அக்கா, கையக் கழுவிட்டு" என்றாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நல்லா ஆறியிருக்கிறது என்று அவள் சொன்னாள். அவள் சொன்னதை வாங்கிக்கொண்டேன். கண்ணால் பார்த்து, விரலால் அழுத்தாமல் நான் வாங்கின முதல் சரக்கு இது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்தால் பிறகு அழுகும். அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் இரண்டு கெட்டுப் போயிருந்தது வெட்டும்போதே தெரிந்ததாம். எல்லாம் எடுத்துவிட்டோம் என்கிறார் டாக்டர். எடுத்தது போதுமா என்று கேட்டேன். "அறியில்ல" என்றார். மதராஸ் போய், மிச்சம் இருந்தால் கருகிப்போக எக்ஸ்ரேக் கரண்டு வைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். தெரியாது என்று சொல்கிற ஆளை நான் நம்புவேன். எல்லாம் தெரியும் என்கிறவனிடம்தான் எடை குறையும்.

நாளை விடுகிறார்கள். இனி அந்தத் துண்ணூறைக் கொடுங்கள். நெற்றியில் வைத்துக்கொள்கிறேன்.

பூவாத்தாள்

*

மறையூர்,
27-3-1958

அண்ணா,

மதராஸிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. தோல் கருகி எரிகிறது. சோறு இறங்கவில்லை. தினமும் சுவரில் விரலை ஏணிபோல ஏற்றச் சொன்னாள் சிஸ்டர். இடது கை தோள் வரைக்குந்தான் ஏறுகிறது. நேற்று ஒரு சாண் கூட ஏறியது. அப்புறம் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன்.

ஆலைக்காரர்கள் என் முன்னால் தரையைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒருத்தன் மட்டும், "அக்கா, மேலுக்கு எப்படியிருக்குது?" என்று கேட்டான். "பாதிக் கடையை மூடியாச்சு, மீதிக் கடை நடக்குது" என்றேன். அவனுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் நங்கையாளின் இரண்டாம் வருஷத் திதி. காளிச்சாமியின் லாரியில் ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன். உடுமலையிலிருந்து பஸ் மேலே போட்டு உங்களிடம் சேர்த்துவிடுவான். எப்போதும் ஒவ்வொரு உருண்டையாக அழுத்திப் பார்த்துத்தான் சாக்கில் போடுவேன். இந்த மூட்டையை நான் தொடவில்லை. கை ஏறாததால் அல்ல, வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. நங்கையாளுக்குப் போகிறது, விரல் படாமல் போகட்டும் என்று தோன்றியது. ஆலையில் அவர்களே போட்டுத் தைத்தார்கள். நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அதனால் சரக்குக்கு உத்தரவாதம் இல்லை. வேண்டாமென்றால் அதே லாரிக்குத் திருப்பிவிடுங்கள்.

பூவாத்தாள்

*

வடகரப்பதி,
5-4-58

அம்மிணிக்கு.

மூட்டை வந்தது. வாசலில் இறக்கினதுமே தையலைப் பிரித்தேன்.

திதி முடிந்தது. பெரியப்பா வரவில்லை. பெரியம்மா வந்தாள், தனியாக நடந்து வந்தாள். மாராத்தாளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். கட்டை அவிழ்த்தது நான் என்று. சிலர் எழுந்து போனார்கள். பெரியம்மா, "நானுந்தானடா பாத்தேன்" என்று சொல்லிவிட்டு இலையில் உட்கார்ந்தாள்.

ஜூன் மாசம் காட்டுவதற்கு நான் கூட வருகிறேன். கொழிஞ்சாம்பாறையில் நிற்பேன்.

மூட்டையில் அடியில் கிடந்த நாலு உருண்டை பதம் தப்பிக் கசிந்திருந்தது. நீ பார்த்திருந்தால் ஆலைக்காரன் தலையில் எறிந்திருப்பாய். நான் அதைத்தான் முதலில் எடுத்துப் பாயசத்தில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அண்ணன்
நஞ்சப்பன்